நிற்கிற வண்டியைத் தாண்டும்போது: டிரைவிங் மாஸ்டரின் கேள்வி பதில்

குளிர்காலம் எட்டிப் பார்த்தால் போதும், ஹைவே ஓரத்தில் நிற்கிற வண்டிகளைப் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்தமுறையும் அப்படித்தான். கீழே உள்ள பதில்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டத்துக்கு உரியவை. வேறு இடத்துச் சட்டம் என்றால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

*

மாஸ்டர், வேலை முடிந்து 401 ஹைவேயில் வந்துகொண்டிருந்தேன். ஓரத்தில் பொலிஸ் ஒரு காரை மறித்து வைத்திருந்தது. நான் வலது கரை லேனில். இடது பக்கம் பெரிய ட்ரக் ஒன்று ஒட்டிக்கொண்டே வந்ததால் மாற முடியவில்லை. வேகத்தைக் குறைத்து அப்படியே போய்விட்டேன். பின்னால் வந்தவர் ஹோன் அடித்தே தள்ளிவிட்டார். 'லேன் மாறாவிட்டால் குற்றம்' என்று என் வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். நான் செய்தது பிழையா?
— மால்வேர்ன் வாசகி

பிழையே இல்லை, தங்கச்சி. உங்கள் வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் பாதிதான் தெரிந்திருக்கிறது.

நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இரண்டு வேலை சொல்கிறது. விளக்கு மின்ன, நீங்கள் போகும் பக்கத்தில் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் அல்லது பழுதான வண்டியை இழுக்கும் ரோ ட்ரக் நின்றால் முதலில் வேகத்தைக் குறைத்து அவதானமாகப் போக வேண்டும். இதற்கு விலக்கு கிடையாது. இரண்டாவது, உங்கள் திசையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட லேன் இருந்தால் பக்கத்து லேனுக்கு மாற வேண்டும். ஆனால் 'பாதுகாப்பாக மாற முடிந்தால்' என்று சட்டமே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் ட்ரக் வைத்துக்கொண்டு யாரும் மாற முடியாது. நீங்கள் முதல் வேலையைச் செய்தீர்கள், இரண்டாவதற்கு வழி இருக்கவில்லை. அவ்வளவுதான். ஹோன் அடித்தவர் பாவம், அவசரமாக எங்கோ போகிறார், விடுங்கள்.

என்னிடம் கார் பழக வருகிறவர்கள் இதில் செய்கிற பிழை வேறு. விளக்கைக் கண்டதும் ஒரே அமத்தாகப் பிறேக்கை அமத்துவார்கள், அல்லது சிக்னல் போட்ட அதே நொடியில் இடது பக்கம் பாய்வார்கள். இரண்டுமே பின்னால் வருகிறவனுக்கு ஆபத்து. பொலிஸ் விளக்கு நேரான வீதியில் வெகு தூரத்திலேயே தெரியும். தெரிந்தவுடன் காலை அக்சிலரேட்டரில் இருந்து எடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், சிக்னல் போடுங்கள், தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், பிறகு மாறுங்கள். ஒரு லேன் மாறினால் போதும். மூன்று லேன் தாண்டி எக்ஸ்பிரஸ் பக்கம் ஓடச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இடையில் பெரிய ட்ரக் இருந்தால் அதை முன்னால் போகவிட்டு அதன் பின்னால் மாறலாம், வேகத்தைக் குறைத்தபடியால் பெரும்பாலும் இடம் தானாகவே கிடைக்கும்.

இந்தச் சட்டம் வந்ததற்கு முன்கதை உண்டு. 2000ஆம் ஆண்டு சதம் நகருக்கு அருகே, இதே 401இன் ஓரத்தில் ஒரு வாகனத்தை மறித்து நின்ற மாகாணப் பொலிஸ் வண்டிகள் மீது ட்ரக் ஒன்று மோதியதில் மார்கரெட் ஈவ் என்ற பெண் அதிகாரி உயிரிழந்தார். 2003இல் அவசர வாகனங்களுக்காக இந்த விதி வந்தது. ரோ ட்ரக் 2015 செப்ரெம்பர் முதலாம் திகதியில் இருந்து சேர்ந்தது. காரை ஜாக்கியில் தூக்கும்போதும், சங்கிலி கொழுவக் குனியும்போதும் ரோ ட்ரக்காரருக்கு முதுகுப் பக்கம்தான் வாகனங்கள் போகும். பொலிஸ்காரர் என்றால் பெரும்பாலும் காரின் வலது கதவுப் பக்கமாகப் போய்ப் பேசுவார், கவனித்திருப்பீர்கள். ரோ ட்ரக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஓட்டுகிற பக்கத்து ரயர் வெடித்தால் அந்தப் பக்கம் நின்றுதான் கழற்ற வேண்டும்.

தண்டம்: முதல் தடவை 400 முதல் 2,000 டொலர் வரை, லைசென்ஸில் 3 பொயின்ற் (குற்றப் புள்ளி). ஐந்து வருடத்துக்குள் திரும்பச் செய்தால் 1,000 முதல் 4,000 வரை, கூடவே ஆறு மாதம் வரை சிறை, லைசென்ஸ் இரண்டு வருடம் வரை நிறுத்தம் என்று நீதிமன்றம் போகலாம்.

*

வேகத்தைக் குறை என்கிறார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும்? எங்கேயும் ஓர் இலக்கம் இல்லையே!
— மிசிசாகா வாசகர், டாக்சி ஓட்டுபவர்

இல்லைதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இலக்கம் உண்டு: வேக எல்லை மணிக்கு 80 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்ற வீதியில் 70க்கு இறக்க வேண்டும், அதற்குக் குறைந்த வீதியில் 40க்கு. அல்பேர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் 60. ஒன்ராறியோவோ 'போக்குவரத்தையும் வீதியையும் காலநிலையையும் பார்த்துக் கவனமாகப் போ' என்று விட்டுவிட்டது. மழை பெய்கிறதா, ஓரத்தில் ஆள் இறங்கி நிற்கிறாரா என்பதைப் பார்த்து நீங்களேதான் முடிவெடுக்க வேண்டும். ரிக்கற் எழுதுகிற அதிகாரியும் அவர் பார்வையில் ஒரு முடிவெடுப்பார். டாக்சிக்காரர் நீங்கள், அதை எனக்கே சொல்லித்தருவீர்கள்.

நான் சொல்லிக் கொடுக்கிற அளவு இது: லேன் மாற முடிந்தால், மாறிய பிறகும் உங்கள் வேகம் முன்பிருந்ததைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். மாற முடியாமல் பக்கத்து லேனிலேயே போவதென்றால், 100இல் வந்தவர் 60 பக்கம் இறங்கினால் நான் தலையாட்டுவேன். ஆனால் அந்த இறக்கம் படிப்படியாக, பிறேக் விளக்கு முன்கூட்டியே எரிய வர வேண்டும். மற்றவர் எல்லாரும் 110இல் வருகிற இடத்தில் திடீரென்று 60க்கு விழுந்தால், ஓரத்தில் நிற்கிறவருக்குப் பதிலாக உங்களுக்கு அம்புலன்ஸ் வரும்.

*

ஹசார்ட் விளக்கு போட்டுக்கொண்டு சும்மா ஒரு கார் நின்றால் அதற்கும் லேன் மாற வேண்டுமா? வீதி வேலை செய்கிற வண்டி என்றால்?
— ஏஜக்ஸ் வாசகர்

சாதாரண கார் நம்முடைய 159ஆம் பிரிவுக்குள் வராது. வீதி வேலைக்காக அம்பர் (செம்மஞ்சள்) விளக்கு மின்ன நிற்கும் வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளும் திருத்தத்தை ஒன்ராறியோ சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றியது. என்னைக் கேட்டால் விளக்கின் நிறத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஹசார்ட் போட்டு நிற்கிற காருக்குள் இருந்து எந்த நேரமும் ஒரு கதவு திறக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் இறங்குவார். அதற்கும் மாறிவிடுங்கள்.

*

லீவுக்குக் குடும்பத்தோடு நியூயோர்க் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போகிறோம். அங்கேயும் இதே சட்டமா? வழியில் ரிக்கற் வாங்கினால் இங்கே தெரியவருமா?
— மார்க்கம் வாசகர்

அமெரிக்காவில்தான் இந்த வகைச் சட்டம் பிறந்தது. 1994இல் தென் கரோலினாவில் வீதியோரத்தில் வேலை செய்த ஜேம்ஸ் கார்சியா என்ற பராமெடிக்கை ஒரு கார் மோதியது. அவர் உயிர் தப்பி, விடாமல் முயன்று, 1996இல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. 2012இல் ஹவாயும் சேர, ஐம்பது மாநிலத்திலும் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு மாதிரி.

உங்கள் வழியில் உள்ள நியூயோர்க் நம்மைவிடக் கண்டிப்பு. 2024 மார்ச் 27இல் இருந்து அங்கே ஓரத்தில் நிற்கிற எந்த வாகனத்துக்கும் விலகிப் போக வேண்டும். ரயர் மாற்றுகிற சாதாரண காருக்கும்தான். ஏஜக்ஸ் வாசகர் கேட்டது அங்கே சட்டமாகவே இருக்கிறது. எல்லை தாண்டியதும் பவலோ பக்கம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தெரியவருமா என்றால், வரும். கனடாவின் மற்ற மாகாணங்களில் வாங்குவதும், நியூயோர்க், மிச்சிகன் மாநிலங்களில் வாங்குவதும் உங்கள் ஒன்ராறியோ லைசென்ஸில் பொயின்ற்றாக ஏறும். 'அமெரிக்க ரிக்கற்தானே, கிழித்துப் போடு' என்று சொல்லும் உறவினர் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மொன்றியல் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வரி: கியூபெக்கில் 2012 ஓகஸ்டில் இருந்து இதே மாதிரி விதி இருக்கிறது, அங்கே 4 பொயின்ற்.

*

மகன் ஜி2, அதாவது புதுச் சாரதிக்கான இரண்டாம் படி லைசென்ஸ்காரன். எதிர்ப்பக்கம் நின்ற ஸ்கூல் பஸ்ஸைத் தாண்டியதற்குப் பொலிஸ் பிடித்திருக்கிறது. நடுவில் மஞ்சள் கோடு இருந்தது, அது எதிர்ப்பக்கம், நான் ஏன் நிற்க வேண்டும் என்று வாதாடுகிறான். ரிக்கற் வழக்குப் பேசும் பராலீகல் ஒருவர் பொயின்ற்ஸை இல்லாமல் பண்ணித் தருவதாகவும் சொல்கிறாராம். என்ன செய்வது?
— ஸ்காபரோ தகப்பன்

ஐயா, உங்கள் மகனுக்கு மஞ்சள் கோடுதான் தடுப்புச் சுவர் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது நானில்லை என்று நம்புகிறேன்.

ஸ்கூல் பஸ் நின்று, மேலே சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னி, பக்கத்தில் இருந்து ஸ்ரொப் பலகை வெளியே மடிந்து வந்தால், இரண்டு திசை வாகனங்களும் நிற்க வேண்டும். வீதி இரண்டு லேனா, நாலு லேனா, ஐந்து லேனா என்பது கணக்கில்லை. நடுவில் இடதுபக்கம் திரும்புவதற்கென்று ஒரு லேன் இருந்தாலும் நிற்க வேண்டும். எதிர்த் திசையில் வருகிறவர் நிற்காமல் போகலாம் என்பது நடுவே மெய்யான பிரிப்பு இருந்தால் மட்டும்: உயர்த்திக் கட்டிய மேடை, மண் அல்லது புல் பட்டை, அந்த மாதிரி. பெயின்ற் அடித்த கோடு எத்தனை இருந்தாலும் பிரிப்பாகாது.

பின்னால் வருகிறவர் பஸ்ஸுக்கு 20 மீட்டர் முன்பே நிற்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் பஸ் நிற்கும்போது ஓரமாக நின்று பாருங்கள். பஸ் மெதுவாகும்போது மேலே அம்பர் விளக்குகள் மின்னத் தொடங்கும். நின்றதும் சிவப்பு வரும், பலகை விரியும், முன்பக்கத்தில் இருந்து நீளமான தடி ஒன்று விலகி நீட்டும். பஸ்ஸின் மூக்கோடு ஒட்டி நடந்தால் பிள்ளை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது, அந்தத் தடியைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி நடந்தால்தான் தெரியும். பிறகு பிள்ளை வீதியைக் கடக்கும். அதாவது உங்கள் மகன் வந்த அந்த எதிர் லேனுக்குள்தான் அது நடந்து வரும். முதலாம் வகுப்புப் பிள்ளையின் தலை உங்கள் காரின் பொனற் உயரம்தான் இருக்கும்.

அம்பர் விளக்கு இங்கே புதுசு. முன்பெல்லாம் ஒன்ராறியோவில் முதலில் இருந்தே சிவப்புதான் மின்னும், நின்றபிறகும் சிவப்புத்தான், ஆட்கள் குழம்புவார்கள். 2022 ஜூலையில் இருந்து எல்லா பஸ்ஸிலும் அம்பர், பிறகு சிவப்பு என்ற முறை. அம்பரைக் கண்டால் நிற்பதற்குத் தயாராக வேண்டும். சிலர் அம்பரைக் கண்டதும் சிக்னலில் மாதிரி 'முந்திவிடலாம்' என்று அமத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இனித் தண்டத்துக்கு வருவோம். முதல் தடவை 400 முதல் 2,000 டொலர், 6 பொயின்ற். ஜி1, ஜி2 பிள்ளைகளுக்கு இன்னொரு அடி இருக்கிறது: 4 அல்லது அதற்கு மேல் பொயின்ற் உள்ள குற்றம் ஒன்று நிரூபணமானாலே லைசென்ஸ் 30 நாள் நிறுத்தம். இரண்டாவது தடவை 90 நாள். மூன்றாவது என்றால் லைசென்ஸே ரத்து, திரும்ப முதல் படியான ஜி1இல் இருந்து தொடங்க வேண்டும். பொலிஸ் இல்லாத இடத்தில் பஸ்ஸில் பொருத்திய கமெரா பிடித்தாலும் வாகனச் சொந்தக்காரர் பெயருக்கு ரிக்கற் வரும். அதில் பொயின்ற் ஏறாது, காசு மட்டும். கார் உங்கள் பெயரில் இருந்தால் அந்தக் காசு உங்களுடையதுதான், ஐயா.

பராலீகல் விஷயம். நல்லவர்களும் இருக்கிறார்கள், வழக்கை நேர்மையாகப் பார்த்துக் குற்றத்தைச் சின்னதாக மாற்றித் தருவார்கள். ஆனால் 'பொயின்ற் இல்லாமல் பண்ணித் தாறன்' என்பதில் மயங்காதீர்கள். பொயின்ற் குற்றம் நடந்த திகதியில் இருந்து இரண்டு வருடத்தில் தானாகவே விழுந்துவிடும். இன்சூரன்ஸ் கொம்பனி பார்ப்பது பொயின்ற்றை அல்ல, குற்றம் நிரூபணமானதா என்பதை. பொயின்ற் பூச்சியம் என்றாலும் நிரூபணம் இருந்தால் பிரீமியம் ஏறும். வழக்கை எடுக்கிறவரிடம் இதை நேரே கேளுங்கள்: 'எந்தக் குற்றமாக மாற்றுவீர்கள், அது என் ரெக்கோட்டில் என்னவென்று எழுதப்படும்?' மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

*

ரொறன்ரோ டவுன்ரவுனில் ஸ்ரீற்கார் நின்றால் தாண்டலாமா?
— வந்து ஆறு மாதம் ஆன யாழ்ப்பாணத்து வாசகர்

வந்த புதிதில் எல்லாருக்கும் இது குழப்பம், தண்டவாளத்தில் ஓடும் இது எங்கள் ஊரில் இல்லாத வண்டி. ஸ்ரீற்கார் வீதியின் நடுவில் நிற்கும், ஆள் வலது பக்கமாக இறங்கி நேரே உங்கள் லேனுக்குள் காலை வைப்பார். அதனால் கதவுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நின்று, இறங்குகிறவரும் ஏறுகிறவரும் கரை சேரும்வரை பொறுங்கள். குயின், கொலிஜ், டண்டாஸ் வீதிகளில் இதை அடிக்கடி சந்திப்பீர்கள். ஸ்படைனா, செயின்ற் கிளயர் மாதிரி இறங்குவதற்குத் தனி மேடை கட்டிய இடங்களில் நிற்கத் தேவையில்லை, நிதானமாகத் தாண்டலாம். ஒருவழி வீதி தவிர, ஸ்ரீற்காரை இடது பக்கமாக முந்தவே கூடாது.

பஸ்ஸுக்கு இந்த விதி இல்லை, நின்ற ரீரீசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்து) பஸ்ஸைத் தாண்டலாம். ஆனால் பஸ் தன் ஒதுங்குமிடத்தில் இருந்து வெளிக்கிடச் சிக்னல் போட்டால் வழி விட வேண்டியது உங்கள் கடமை.

*

முன்னால் ஒரு கார் காரணமில்லாமல் நிற்கிறது. பக்கத்து லேன் காலி. தாண்டிப் போவதில் என்ன?
— பிரம்ப்டன் வாசகர்

காரணமில்லாமல் எந்தக் காரும் நிற்பதில்லை, உங்களுக்குக் காரணம் தெரியவில்லை என்பதுதான் விஷயம். அந்தக் கார் மறைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஒருவர் நடந்து வந்துகொண்டிருப்பார். பாதசாரி கடவைக்கு 30 மீட்டருக்குள் முன்னால் போகிற வாகனத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. 2016 ஜனவரியில் இருந்து பாதசாரி கடவையிலும் பாடசாலைக் கடவையிலும் ஆள் வீதி முழுவதையும் கடந்து முடிக்கும்வரை நிற்க வேண்டும், உங்கள் பாதியைக் கடந்தால் போதாது.

முன்னால் நிற்பவர் இடது பக்கம் திரும்பக் காத்து நின்றால் அது வேறு. வலது பக்கமாகத் தாண்டலாம், அதற்கு ஓரத்துக்கு இறங்க வேண்டுமென்றால் அந்த ஓரம் தார் போட்டதாக இருக்க வேண்டும். சரளைக் கல் ஓரத்தில் இறங்கி முந்துவது குற்றம்.

*

மண்டப வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும் தெருவில் சைக்கிள்காரர் ஒருவர் என் கதவில் வந்து இடித்துவிட்டு என்னையே ஏசுகிறார். நியாயமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

அக்கா, கதவைத் திறந்தது நீங்களா? அப்படியென்றால் அவர் ஏசியது நியாயம்தான். பார்க்காமல் கதவு திறப்பதற்கு 300 முதல் 1,000 டொலர், 3 பொயின்ற். இடது கதவை வலது கையால் திறந்து பழகுங்கள், உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் பார்க்கும்.

*

ஹைவேயில் என் கார் நின்றுவிட்டால்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்காபரோ

சேர், கார் கொஞ்சமாவது ஓடினால் அடுத்த வெளிவழி வரை மெதுவாகக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் வலது ஓரத்தில், வெள்ளைக் கோட்டில் இருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தி, ஹசார்ட் போட்டு, உதவி கேளுங்கள். ஆபத்தான இடம் என்றால் 911. இறங்குவதென்றால் வலது கதவால் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள். காருக்குப் பின்னால் நின்று கை காட்டாதீர்கள். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள 400 வரிசை ஹைவேக்களின் சில பகுதிகளில் அனுமதி பெற்ற ரோ ட்ரக் மட்டும்தான் இழுக்கலாம். கூப்பிடாமல் வந்து நிற்கிற ட்ரக்காரரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

*

இதெல்லாம் ஜி1 சோதனையில் கேட்பார்களா? தமிழில் எழுதலாமாமே?
— கல்யாணமாகி வந்த புது வாசகி

எழுதலாம், பிள்ளை. நாற்பது கேள்வி, அடையாளங்கள் இருபது, விதிகள் இருபது. ஒவ்வொன்றிலும் 16 எடுக்க வேண்டும். ஸ்கூல் பஸ்ஸும் அவசர வாகனமும் விடாமல் படியுங்கள்.

ரோட் ரெஸ்ற் தமிழில் இல்லை. ஜி2 சோதனையில் 'கார் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஓரத்தில் நிறுத்து' என்று பரீட்சகர் ஆங்கிலத்தில் சொல்லுவார். கண்ணாடி, வலது சிக்னல், தோளுக்கு மேல் பார்வை, கரையோடு நிறுத்தம், ஹசார்ட், பார்க்கிங் பிறேக். இதெல்லாம் எல்லாரும் சரியாகத்தான் செய்கிறார்கள். திரும்ப வெளிக்கிடும்போதுதான் விழுகிறார்கள்: ஹசார்ட்டை நிறுத்தாமல் இடது சிக்னலைத் தட்டுவார்கள். ஹசார்ட் மின்னும்போது சிக்னல் போட்டது வெளியே யாருக்கும் தெரியாது. முதலில் ஹசார்ட்டை நிறுத்து, பிறகு சிக்னல், பிறகு பார், பிறகு போ.